கைதட்டல் பெற்ற கெட்டவர்கள்: கிள்ளான் பள்ளத்தாக்கில் வில்லன் ரசனையின் வரலாறு

கெட்டவன் மேடைக்கு வரும்போது ஆரவாரம் செய்வதும், அவன் பேச்சுக்குச் சிரிப்பதும், கடைசியில் அவன் விழும்போது மனம் நிறைவதும் தமிழர் கலை ரசனையில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். சுங்கை பூலோ, கிள்ளான், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் ஆகிய ஊர்களை உள்ளடக்கிய மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வழக்கம் கோயில் திடலில் தொடங்கி, தோட்டத்துத் திரை, நகரத் திரையரங்கு, வீடியோ, பேரங்காடித் திரையரங்கு என இடம் மாறிக்கொண்டே வாழ்ந்து வந்திருக்கிறது.

2021ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கன் இயக்கத்தில் வெளிவந்த ‘தி சூசைட் ஸ்குவாட்’ என்ற ஹாலிவுட் படம் இந்த ரசனையின் அண்மைக்கால உலக வடிவம். சிறையில் கிடக்கும் காமிக்ஸ் வில்லன்கள் தண்டனைக் குறைப்புக்காக அரசாங்கத்தின் ரகசிய வேலை ஒன்றுக்கு அனுப்பப்படுகிறார்கள். படம் முழுக்க ரத்தம், படம் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெயரில் டிசி நிறுவனத்தின் காமிக்ஸ் குழு ஒன்று 1959இலேயே தோன்றியது. வில்லன்களைக் கொண்ட குழுவாக அதை 1987இல் மாற்றி அமைத்தவர் ஜான் ஆஸ்ட்ராண்டர். குற்றவாளிகளைத் திரட்டிப் போருக்கு அனுப்பும் கதையை 1967இல் வந்த ‘தி டர்ட்டி டஜன்’ ஏற்கெனவே புகழ்பெறச் செய்திருந்தது. பல கெட்டவர்கள், அவர்களுக்கு நடுவே ஒரு கோமாளி, கொலைக்கு நடுவே சிரிப்பு, அவர்கள் எல்லாரையும்விடக் கொடியவராக மேலே உட்கார்ந்திருக்கும் ஓர் அதிகாரி என்ற ‘தி சூசைட் ஸ்குவாட்’ படத்தின் கட்டமைப்பில் தமிழ் ரசிகர் அறியாதது அதிகமில்லை.

கூத்து மேடை

தெருக்கூத்தில் பெரிய கிரீடமும் புஜகீர்த்தியும் மார்புப் பதக்கமும் அணிந்து சுழன்றாடும் வேடங்களில் துரியோதனனுக்கும் இரணியனுக்கும் தனி இடம் உண்டு. இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடி, கிரீடத்தின் நுனியை மட்டும் முதலில் காட்டி, பிறகு திரையை விலக்கிக்கொண்டு சபைக்கு வரும் முறை இந்த வேடங்களுக்கு மிகவும் பொருந்தியது. குழுவின் தேர்ந்த ஆட்டக்காரருக்கே இந்த வேடம் கொடுக்கப்படும். குரல் வளமும் மூச்சுப் பலமும் இல்லாதவரால் இரவு முழுவதும் அந்தக் கனத்தைச் சுமந்து ஆட முடியாது.

வில்லனின் மிடுக்கை உடைப்பதற்கென்றே கூத்தில் கட்டியக்காரன் இருக்கிறான். அரசனுக்குக் கட்டியம் கூற வந்தவன் அரசனையே கேலி செய்வான். அவன் ஆணையைத் திரித்துச் சொல்வான், ஊர் வம்பையும் அன்றைய விலைவாசியையும் இழுத்துப் பேசுவான். திரௌபதியைச் சபைக்கு இழுத்துவரும் கொடுமைக்கு இடையிலும் அவன் பேச்சு நிற்காது. கொடுமையும் சிரிப்பும் ஒரே மேடையில் அடுத்தடுத்து நிற்கலாம் என்ற பயிற்சியைத் தமிழ்ப் பார்வையாளருக்குத் தந்தவன் அவனே.

கெட்டவனின் முடிவு கூத்தில் சடங்காகவே நடந்தது. திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனனின் பேருருவை மண்ணால் தரையில் படுக்க வைத்துப் படுகளம் நடத்துவார்கள். அவன் தொடையைப் பீமன் பிளந்ததும் திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். அதைத் தொடர்ந்து மாண்டவனுக்காக ஒப்பாரியும் எழுகிறது. இரணியனை வதம் செய்யும் நாடகத்தில் நரசிம்மர் முகமூடி அணிந்தவருக்கு ஆவேசம் வந்து, அவரைப் பலர் இழுத்துப் பிடிக்க வேண்டிவரும். தீயவன் அழிய வேண்டும் என்பதில் ஊருக்கு ஐயம் இருந்ததில்லை. ஆனால் அவன் சிறுமைப்பட்டு அழியவில்லை. பெருவேடமாக வந்து பெருவேடமாகவே விழுந்தான்.

தோட்டத்திற்கு வந்த வேடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் மாவட்டங்களிலிருந்து தமிழர்கள் மலாயாவின் தோட்டங்களுக்கு வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் திரட்டும் முறையும் அரசின் ஆதரவு பெற்ற பயணமும் 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை தொடர்ந்தன. வந்தவர்கள் தோட்டந்தோறும் மாரியம்மன் கோயில் எழுப்பினார்கள். அந்தக் கோயில் திருவிழாவே அவர்களுடைய கலைகளுக்கு மேடையாயிற்று. காமன் கூத்தும், மதுரை வீரன், நல்லதங்காள், அரிச்சந்திரன் கதைகளும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களின் மக்கள் நடிக்க, லயத்து மக்களே பார்க்க நடந்தன.

சுங்கை பூலோ ரப்பர் சூழ்ந்த ஊர். எல்மினா போன்ற தோட்டங்கள் அங்கே இருந்தன. 1925இல் அமைக்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தன் சோதனை நிலையத்தை அங்கேதான் நடத்தியது. அதிக பால் தரும் மரவகைகளை உலகுக்குத் தந்த அந்த நிலத்தில் பால்மரம் வெட்டியவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். ஆர்.ஆர்.ஐ. என்ற அந்தக் கழகத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளி அவர்கள் வாழ்ந்ததற்குச் சான்றாக இருக்கிறது.

தோட்ட வாழ்வில் அதிகாரம் மேலிருந்து கீழே இறங்கியது. மேலே வெள்ளைக்கார மேலாளரான துரை, அவருக்குக் கீழே எழுத்தரான கிராணி, அவருக்குக் கீழே வேலையை மேற்பார்க்கும் கங்காணி, எல்லாருக்கும் கீழே பால்மரத் தொழிலாளி. துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது அன்றைய எழுதாத சட்டம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரும் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் கூலி உயர்வோடு இந்த வழக்கத்தை ஒழிப்பதும், கள்ளுக்கடைகளை மூடுவதும் இடம்பெற்றன. போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான ஆர்.எச். நாதன் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணிபுரிந்தவர். அவரைக் கைது செய்து நாடு கடத்திய ஆங்கிலேய அரசு போராட்டத்தைப் படை கொண்டு அடக்கியது.

இந்தப் பின்னணியில்தான் மேடைக் கெட்டவனுக்குக் கிடைத்த ஆரவாரம் பொருள்படுகிறது. பகலில் அதிகாரம் செலுத்தியவனிடம் தொழிலாளி எதிர்க்கேள்வி கேட்க வழியில்லை. இரவு மேடையில் அதிகாரம் செலுத்தியவனோ விடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். அதற்கு முன்பே கட்டியக்காரன் அவன் முகத்துக்கு நேரே அவனைக் கேலி செய்து முடித்திருப்பான்.

பேசும்படமும் தணிக்கையும்

1931இல் எச்.எம். ரெட்டி இயக்கிய ‘காளிதாஸ்’ தமிழின் முதல் பேசும்படமாக வெளிவந்தது. சில ஆண்டுகளுக்குள் தமிழ்ப் படங்கள் கடல் கடந்து வரத் தொடங்கின. 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வந்த ‘சதி லீலாவதி’ தோட்டத் தமிழருக்கு நெருக்கமான கதை. எஸ்.எஸ். வாசன் எழுதிய அந்தக் கதையில், தீய நண்பனின் வஞ்சகத்தால் எல்லாவற்றையும் இழந்த நாயகன் இலங்கைக்கு ஓடித் தேயிலைத் தோட்டத்தில் கூலியாகிறான். எம்.ஜி.ஆருக்கு முதல் படமான அதில் வஞ்சகனாக நடித்தவர் டி.எஸ். பாலையா. சிரித்துக்கொண்டே குழி பறிக்கும் வில்லன் என்ற வார்ப்பை அவர் பின்னும் பல படங்களில் செதுக்கினார்.

கோலாலம்பூர் பத்து சாலையில், இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரகுமானில், 1920களின் தொடக்கம் முதல் கொலிசியம் திரையரங்கு இருந்தது. 1936இல் அதே சாலையில் ஓடியன் எழுந்தது. பிற்காலத்தில் கொலிசியம் தமிழ், இந்திப் படங்களின் இடமாகவே அறியப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் லிடோ திரையரங்கு அப்பகுதித் தமிழரின் படக்கொட்டகையாக விளங்கிப் பின்னர் மறைந்தது.

திரையில் குற்றம் காட்டப்படுவதைப் பற்றிய அச்சமும் அப்போதே தோன்றியது. 1920களிலும் 1930களிலும் ஆங்கிலேய ஆட்சி அமெரிக்கத் துப்பாக்கிப் படங்கள் பலவற்றைத் தடுத்தது, பலவற்றை வெட்டியது. ஆசியர்கள் குற்றத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள் என்பது ஒரு காரணம். திருடனாகவும் குடிகாரனாகவும் வெள்ளைக்காரனைத் திரையில் கண்டால் துரை மீதுள்ள மரியாதை போய்விடும் என்பது இன்னொரு காரணம். முதல் காரணம் விடுதலைக்குப் பின்னும் தணிக்கையில் நீடித்தது. 1952ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் ஐம்பது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. 2002இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

தோட்டத் திடலில் வாள்வீச்சு

இரண்டாம் உலகப்போருக்குப் பின் படம் தோட்டத்துக்கே வந்தது. 1946இல் மலாயா திரைப்படப் பிரிவு அமைக்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளின் ஆயுதக் கிளர்ச்சியை ஒட்டி 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அரசாங்கத் தகவல் வண்டிகள் தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று திரை கட்டிப் படம் காட்டின. கதைப்படங்களைச் சுமந்து வந்த நடமாடும் படக்காட்சிகளும் இருந்தன. திடலில் வெள்ளைத் துணி கட்டப்படும். ஜனங்கள் பாய் விரித்து உட்காருவார்கள். கூத்து பார்த்த அதே கூட்டம்தான் அது. திரையோடு பேசும் பழக்கத்தையும் அது கூடவே கொண்டுவந்தது. வில்லனை வாய்விட்டுத் திட்டுவதும், அவன் மறைந்திருக்கும் இடத்தை நாயகனுக்குக் கூவிச் சொல்வதும் காட்சியின் பகுதிகளாயின.

அந்தக் காலப் படங்கள் வில்லனுக்குத் தாராளமாக இடம் கொடுத்தன. 1948இல் வந்த ‘சந்திரலேகா’வில் சசாங்கனாக நடித்த ரஞ்சனின் வாள்வீச்சும், பெரிய முரசுகளின் மேல் நடக்கும் நடனத்தை அடுத்து வரும் சண்டையும் படத்தின் சிகரங்கள். 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘மந்திரி குமாரி’ குண்டலகேசி கதையைத் தழுவியது, வசனம் மு. கருணாநிதி. அதில் பகலில் ராஜகுருவின் மகனாகவும் இரவில் கொள்ளைக்காரனாகவும் வாழும் பார்த்திபனாக எஸ்.ஏ. நடராஜன் புகழ்பெற்றார். கொள்ளையடிப்பதையே கலை என்று வாதிடும் அழகன் அவன். அவன் வாயைச் சொல்லால் அடைக்க முடியாமல், மனைவியே அவனை மலையிலிருந்து தள்ளிவிட வேண்டியிருந்தது.

அதே படத்தில் ராஜகுருவாக நடித்த எம்.என். நம்பியார், அடுத்த முப்பது ஆண்டுகளுக்குத் தமிழ் வில்லனின் முகமானார். நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்தவர் அவர். ‘திகம்பர சாமியார்’ படத்தில் பதினொரு வேடங்களில் தோன்றிய அவர், கண்ணை உருட்டிக் கையைப் பிசைந்தாலே கொட்டகை கொதித்தது. திரைக்கு வெளியே மது தொடாதவர், மரக்கறி உணவுக்காரர்; ஆண்டுதோறும் சபரிமலைக்குப் பெரும் கூட்டத்தை அழைத்துச் சென்ற குருசாமி. வேடம் வேறு, ஆள் வேறு என்று ரசிகர்களுக்குத் தன் வாழ்க்கையால் காட்டியவர் அவர். பி.எஸ். வீரப்பா தன் இடிச்சிரிப்பை வில்லத்தனத்தின் முத்திரையாக்கினார். பயமுறுத்த எழுந்த அந்தச் சிரிப்பைக் குழந்தைகள் மறுநாள் லயத்து வாசலில் செய்து காட்டினார்கள். பயமும் விளையாட்டும் அப்படிக் கலந்தன.

இதே காலத்தில் மலாய்த் திரையுலகை உருவாக்கியவர்களிலும் இந்தியர்கள் முக்கியமானவர்கள். சிங்கப்பூர் ஸ்டூடியோக்களில் பி.எஸ். ராஜ்ஹன்ஸ், எஸ். ராமநாதன், கே.எம். பாஸ்கர், பி.என். ராவ் முதலியோர் இயக்கினார்கள். எல். கிருஷ்ணன் 1950இல் ‘பக்தி’ படத்தில் பி. ராம்லியை நாயகனாக்கினார். பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கின் உலு கிள்ளானில் மெர்டேக்கா ஸ்டூடியோ அமைவதில் பங்கெடுத்தார். பாட்டு, கண்ணீர், நகைச்சுவை, சண்டை, வில்லன் என்ற கலவை இவர்கள் வழியாக மலாய்ப் படங்களிலும் வேரூன்றியது. சாலே காமில் மலாய் ரசிகர்களின் பேர்பெற்ற வில்லனானார்.

எம்.ஆர். ராதாவும் சுங்கை பூலோவும்

வில்லனையும் கட்டியக்காரனையும் ஒரே உடம்பில் சேர்த்தவர் எம்.ஆர். ராதா. திருவாரூர் கே. தங்கராசு எழுதி, ராதா ஊர் ஊராக நடித்த ‘ரத்தக்கண்ணீர்’ நாடகம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் 1954 தீபாவளிக்குப் படமாக வந்தது. சீமையிலிருந்து திரும்பிய பணக்காரன் மோகனசுந்தரம் தாயை மதிக்கவில்லை, மனைவியை ஒதுக்குகிறான், தாசி வீட்டில் சொத்தை அழிக்கிறான், கடைசியில் தொழுநோயாளியாகித் தெருவுக்கு வருகிறான். மனிதனாக அவன் செய்வதெல்லாம் கொடுமை. ஆனால் அவன் வாய் திறந்தால் கொட்டகை சிரித்தது. மூடநம்பிக்கையையும் போலிப் பெருமையையும் சாதித் திமிரையும் அவன் கிழித்த கிழிப்பு வேறு எந்த நாயகனாலும் முடியாதது. சரிந்து விழுந்த பிறகும் அவன் நக்கல் ஓயவில்லை. நாயகனைத் தேட வேண்டிய அவசியமே இல்லாமல், ஒரு கெட்டவனை மட்டும் வைத்து ஒரு முழுப் படத்தையும் தமிழர்கள் ரசித்த முதன்மையான சான்று இது. மலேசியாவுக்கு வந்து ராதா ஆற்றிய மேடைப் பேச்சின் ஒலிப்பதிவை இன்றும் மக்கள் கேட்டுச் சிரிக்கிறார்கள்.

அந்தப் படத்தின் நோய், சுங்கை பூலோவுக்கு வெறும் கதையல்ல. தொழுநோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க 1926இல் மலாயாவில் சட்டம் வந்தது. மருத்துவர் ஏர்னஸ்ட் டிராவர்ஸின் முயற்சியால் 1930இல் சுங்கை பூலோ பள்ளத்தாக்கில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. செத்தாப்பாக்கின் பழைய அடைப்பு விடுதியிலிருந்து நோயாளிகள் அங்கே கொண்டுவரப்பட்டார்கள். சிறு வீடுகள், பொது மண்டபம், பள்ளி, சொந்த நாணயம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம் என்று ஓர் ஊராகவே அது அமைக்கப்பட்டது. உச்சக்காலத்தில் 2000க்கும் மேற்பட்டோர் வாழ்ந்தார்கள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் அங்கே அண்டை வீட்டாராக இருந்தார்கள். ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர்.

‘ரத்தக்கண்ணீர்’ நோயைப் பாவத்தின் சம்பளமாகக் காட்டியது. அறிவியல் சொன்னது வேறு. 1873இலேயே நார்வே மருத்துவர் ஆர்மவர் ஹான்சன் அது கிருமியால் வருவது என்று கண்டுபிடித்திருந்தார். 1940களின் பிற்பகுதியிலிருந்து சல்ஃபோன் மருந்துகள் சுங்கை பூலோவில் நோயாளிகளைக் குணப்படுத்தத் தொடங்கியிருந்தன. 1964இல் பெட்டிட், ரீஸ் ஆகிய ஆய்வாளர்கள் அந்த மருந்தையும் எதிர்த்து நிற்கும் கிருமி உருவாகிறது என்பதைச் சுங்கை பூலோ நோயாளிகளின் துணையோடுதான் உலகுக்கு நிறுவினார்கள். பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் பிற்காலச் சிகிச்சைக்கு அந்த ஆய்வு வழியமைத்தது. 1969இல் அந்தக் குடியிருப்பு தேசியத் தொழுநோய்க் கட்டுப்பாட்டு மையமாயிற்று.

மோகனசுந்தரத்தின் வீழ்ச்சியில் பார்வையாளர் பெற்ற நிறைவு நியாயமானது. ஆனால் அந்த வீழ்ச்சிக்குப் படம் தேர்ந்துகொண்ட கருவி, எந்தத் தவறும் செய்யாமல் அந்நோய்க்கு ஆளானவர்களின் மீது பழியை ஏற்றியது. வில்லனுக்குத் தரப்படும் தண்டனை ரசனைக்குரியதாக இருக்கலாம். அந்தத் தண்டனை எதன் வடிவில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லன் ரசனையின் வரலாற்றில் சுங்கை பூலோ தரும் மிக முக்கியமான படிப்பினை இதுதான்.

இராவணன் நாயகனான மேடை

கெட்டவனின் பக்கத்திலிருந்து கதையைப் பார்க்கும் முயற்சியும் தமிழில் முன்பே நடந்தது. திராவிட இயக்கத்தின் சூழலில் புலவர் குழந்தை 1946இல் வெளியிட்ட ‘இராவண காவியம்’ இராவணனைத் தமிழ் வேந்தனாகப் போற்றியது. 1948இல் தடை செய்யப்பட்ட அந்நூல் 1971இல்தான் விடுவிக்கப்பட்டது. திரையில் வில்லனாகப் புகழ்பெற்ற ஆர்.எஸ். மனோகர், தம் நேஷனல் தியேட்டர்ஸ் குழுவின் ‘இலங்கேஸ்வரன்’ நாடகத்தில் இராவணனைக் கதையின் நடுவில் நிறுத்தினார். அந்த நாடகம் ஆயிரம் முறைக்கு மேல் மேடையேறியது. ‘சூரபத்மன்’, ‘சிசுபாலன்’, ‘நரகாசுரன்’, ‘இந்திரஜித்’ என்று புராணத்துக் கெட்டவர்களை அவர் வரிசையாக மேடைக்குக் கொண்டுவந்தார். கண்ணெதிரே தீப்பற்றுவதும் தேர் பறப்பதும் கொண்ட தந்திரக் காட்சிகள் அந்த நாடகங்களுக்குக் கூட்டம் சேர்த்தன. வில்லன்களைத் திரட்டி, பிரம்மாண்டக் காட்சிகளோடு, அவர்கள் தரப்பைப் பேச வைத்த இந்த நாடகத் தொகுப்பு இன்றைய வில்லன் படங்களுக்குத் தமிழில் கிடைக்கும் மிக நெருங்கிய முன்னோடி.

இடப்பெயர்வும் கும்பல்களும்

1963 டிசம்பரில் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1980களில் வீடியோ கேசட் வீட்டுக்குள் வந்தது. திடலில் ஊர் கூடிப் பார்த்த படம் கூடத்தில் குடும்பம் பார்க்கும் படமாயிற்று. அதே ஆண்டுகளில் ரப்பர் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் மாறின. லயத்தை இழந்த குடும்பங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் பின்னர் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் ஒதுங்கின. தோட்டத்தில் கோயிலும் பள்ளியும் உறவும் தந்த கட்டுக்கோப்பு நகரத்தில் கிடைக்கவில்லை. வேலையும் ஆதரவும் இல்லாத இளைஞர்களைக் குண்டர் கும்பல்கள் இழுத்துக்கொண்டன. 2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. அவற்றில் இந்திய இளைஞர்களின் பங்கு பெரிதாக இருந்தது சமூகத்தைக் கலங்க வைத்தது.

தமிழ்த் திரையிலும் இந்தக் காலத்தில் நாயகனுக்கும் வில்லனுக்கும் இடையிலிருந்த கோடு மங்கியது. ‘மூன்று முடிச்சு’, ‘16 வயதினிலே’ படங்களில் வில்லனாகத் தோன்றிய ரஜினிகாந்த் உச்ச நாயகனானார். 1978இல் ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்தில் கமல்ஹாசன் கொலைகாரனாகவே நடித்தார். 1994இல் மணிவண்ணன் இயக்கிய ‘அமைதிப்படை’யில் சத்யராஜின் அமாவாசை, தேங்காய் பொறுக்கும் நிலையிலிருந்து சட்டமன்ற உறுப்பினர் பதவிக்கு ஏறும் அயோக்கியன். அவன் பேசுவதெல்லாம் சிரிப்பு, செய்வதெல்லாம் துரோகம். ராதாவின் நேர் வாரிசு. 1995இல் ‘பாட்ஷா’வில் ரகுவரனின் மார்க் ஆண்டனி நாயகனுக்கு இணையான கம்பீரம் பெற்றான். அந்த நாயகனும் முன்பு தாதாவாக இருந்தவன்தான்.

இளைஞர் வன்முறைக்குத் தமிழ்ப் படங்களே காரணம் என்ற குற்றச்சாட்டு மலேசியாவில் இந்தக் காலத்தில் அடிக்கடி எழுந்தது. துரியோதனனையும் வீரப்பாவையும் பார்த்த தலைமுறைகள் கும்பல் சேரவில்லை என்பதை அந்தக் குற்றச்சாட்டு கருதவில்லை. படத்தைவிடப் பெரிதாக மாறியிருந்தது பார்ப்பவரின் சுற்றுப்புறம். மேடைக் கெட்டவனுக்கும் பார்வையாளருக்கும் நடுவில் கிரீடமும் அரிதாரமும் இருந்தன. நகரத்துச் சிறுவனுக்கோ திரையில் கண்டவனைப் போன்ற ஒருவன் பக்கத்து வீட்டிலேயே இருந்தான்.

மங்காத்தா, கபாலி, ஜகாட்

2007இல் அஜித் நடித்த ‘பில்லா’ பெரும்பகுதி மலேசியாவில் படமாக்கப்பட்டது. 2011இல் வெங்கட் பிரபு இயக்கிய ‘மங்காத்தா’, அஜித்தின் ஐம்பதாவது படம். பணத்துக்காகக் கூடும் கூட்டாளிகளில் நல்லவன் என்று எவனும் இல்லை. எல்லாரையும் மிஞ்சும் கெட்டவன் அஜித் நடித்த பாத்திரமே. அதே ஆண்டில் தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’, 2013இல் நலன் குமாரசாமியின் ‘சூது கவ்வும்’, 2014இல் கார்த்திக் சுப்பராஜின் ‘ஜிகர்தண்டா’ ஆகியவை ரவுடிகளையும் கடத்தல்காரர்களையும் கொண்டு சிரிப்பும் ரத்தமும் கலந்த கதைகளைச் சொன்னன. வில்லன்களின் குழுப்படம் தமிழில் தனி வகையாக நிலைபெற்றது.

2016இல் பா. ரஞ்சித் இயக்கிய ‘கபாலி’ கோலாலம்பூரையே கதைக்களமாக்கியது. தோட்டத் தொழிலாளரின் கூலி உரிமைக்காக எழுந்தவன் கும்பல் தலைவனாகும் கதை அது. 1941இன் கிள்ளான் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு அந்தக் கதையின் வேர் எங்கே இருக்கிறது என்பது தெரியும். மலேசியாவில் வெளியான பிரதியின் முடிவில், கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. குற்றவாளி தப்பிவிட்டதாகக் கதை முடியக்கூடாது என்ற பழைய கொள்கை அப்போதும் உயிரோடு இருந்தது.

அதற்கு முந்திய ஆண்டில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ மலேசியத் தமிழரே எடுத்த படம். தோட்டம் விட்டு வந்து புறம்போக்கில் குடியேறிய 1990களின் குடும்பம் ஒன்றில், படிப்பு ஒட்டாத சிறுவன் அப்போய் தன் சித்தப்பன் மெக்சிகோவின் கும்பல் வாழ்க்கையைக் கண்டு மயங்குகிறான். வில்லனை வியக்கும் பிள்ளை எங்கே போய்ச் சேருகிறான் என்பதைப் படம் பழி போடாமல் காட்டியது. அடிக்கும் தகப்பன், புரிந்துகொள்ளாத பள்ளி, ஆதரிக்காத நாடு என ஒவ்வொன்றின் பங்கையும் அது எடுத்து வைத்தது. 2016ஆம் ஆண்டின் மலேசியத் திரைப்பட விழாவில், தேசிய மொழியல்லாத படங்களைத் தனிப் பிரிவில் வைப்பது பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பின், ‘ஜகாட்’ சிறந்த மலேசியப் படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. தமிழ்ப் படம் ஒன்று அந்தப் பெருமையைப் பெற்றது அதுவே முதல் முறை.

இன்றைய நிலை

மலேசியத் தணிக்கை இப்போது வெட்டுவதோடு வயது வரம்பும் இட்டு வகைப்படுத்துகிறது. 1996 முதல் வன்முறை, பாலியல், சமயம் எனக் காரணம் பிரித்து 18 வயது வரம்பு விதிக்கப்பட்டது. 2010இல் அவை ஒரே 18 வகையாக்கப்பட்டன. அமெரிக்காவிலும் வகைப்பாடு உண்டு: இதே வில்லன் குழுவைப் பற்றி முன்பு வந்த 2016இன் ‘சூசைட் ஸ்குவாட்’ 13 வயதை ஒட்டிய தகுதியும், 2021இன் படம் பெரியவர்களுக்கான தகுதியும் பெற்றன. வன்முறையை மறைக்காமல் முழுதாகக் காட்டிய இரண்டாவது படமே விமர்சகர்களின் பாராட்டைப் பெற்றது. அதில் வில்லன்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கக் கற்கிறார்கள். அவர்களைப் பலிகொடுக்கத் துணிந்த அரசாங்க அதிகாரிதான் உண்மையான கெட்டவராக வெளிப்படுகிறார். துரையின் அதிகாரத்தைக் கூத்து மேடையில் கேலி செய்து பழகிய சமூகத்துக்கு இந்தத் திருப்பம் எளிதில் புரிவது.

சுங்கை பூலோவின் ரப்பர் ஆராய்ச்சி நிலத்தில் இன்று குவாசா டாமன்சாரா என்ற புதுநகரம் எழுந்து வருகிறது. 2016 டிசம்பரில் சுங்கை பூலோவிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியது. எல்மினாவும் நகராகிவிட்டது. தொழுநோயாளர் குடியிருப்பின் ஒரு பகுதியில் பல்கலைக்கழக மருத்துவ வளாகம் நிற்கிறது. எஞ்சிய பகுதி பூச்செடித் தோட்டங்களுக்குப் பெயர்பெற்றது. கோலாலம்பூரின் கொலிசியம் திரையரங்கோ நூறு வயதைத் தாண்டி நிற்கிறது.

கெட்டவனை ரசிப்பது கெட்டதை விரும்புவதாகாது என்பதே இந்த நூறாண்டு கால வரலாறு தரும் முடிவு. அதிகாரத்தை நகைக்கவும், அச்சத்தை விளையாட்டாக்கவும், அநீதி தண்டனை பெறுவதைக் கண்ணால் காணவும் எளிய மக்களுக்கு வில்லன் உதவினான். அந்த ரசனை தீங்காக மாறியது, பார்க்கும் பிள்ளைக்கு வீட்டிலும் பள்ளியிலும் தெருவிலும் வேறு வழி இல்லாமல் போன இடங்களில்தான். ஆகவே வன்முறைப் படங்களைப் பற்றிக் கவலைப்படுவோர் முதலில் சீர்படுத்த வேண்டியது அந்தப் பிள்ளையின் பள்ளியையும் குடியிருப்பையும் வேலைவாய்ப்பையும்.